மூன்று பெடல்களின் வரிசை

தம்பி, அப்பா எழுதுகிறேன். எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதே கோழைத்தனம். அதை நம் ஆஸ்டின் டவுன் சங்கத்து மாத இதழில் போடுவது அதைவிடப் பெரிய கூத்து என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ தலைகுனிந்தது நாற்பது பேர் முன்னால். அதற்குக் காரணமானவன் மட்டும் ஒட்டிய கவருக்குள் வைத்து ரகசியமாக வருத்தம் தெரிவித்தால் அது நியாயமாக இருக்காது. போன வாரம் நீ சாமான்களைப் பிரித்து வைக்க வந்தபோது, ஜன்னலோரம் போர்வைக்குள் இருந்த ஸ்டீல் கிட்டாரைக் காட்டி, "அத யாருக்காவது குடுத்துடுப்பா, எனக்குத்தான் வராதுன்னு ஆயிடுச்சே" என்றாய். ஏதோ பழைய சட்டையைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னாய். உனக்கு வராது என்பது பொய், தம்பி. அது என்னுடைய பொய். அதை நிஜம் என்று நம்பிக்கொண்டு நீ கடல் தாண்டப் போகிறாய். இதழ் ஒன்றாம் தேதி வரும், உன் விமானம் ஒன்பதாம் தேதி. நடுவில் இருக்கிற எட்டு நாளில் நீ இதைப் படித்துவிடுவாய் என்று நினைக்கிறேன்.

இதை வேறு ஆட்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் தொழிற்சாலையில் டூல் ரூம் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவன். சாயங்காலங்களில் கல்யாண மெல்லிசைக் குழுவில் ஹவாயன் கிட்டார் வாசித்தவன். மடியில் படுக்க வைத்து, தந்திகள் மேல் ஓர் இரும்புத் தண்டை இழுத்து இழுத்து வாசிக்கிற வாத்தியம் அது. ரிச்மண்ட் டவுனில் இருந்த உன் டெரிக் அங்கிள் சனிக்கிழமை தோறும் ஒரு கிளப்பில் கண்ட்ரி என்கிற வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டுப் பாடுவார். அவருடைய ஆம்ப்ளிஃபயரை நான் பழுது பார்த்துக் கொடுத்ததில் பழக்கம். அவர் கொடுத்த கேசட்டுகளில் ஒரு சத்தம் வந்தது. ஒரு தந்தி அப்படியே நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் விம்மிக்கொண்டே மேலே ஏறும். தண்டை இழுத்தால் எல்லாத் தந்தியும் சேர்ந்துதான் ஏறும், ஒன்று மட்டும் எப்படி ஏறுகிறது? இரண்டு பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். டெரிக்கிடம் சொன்னதற்கு அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அந்த வாத்தியத்துக்குக் கால் இருக்கிறது, காலுக்குக் கீழே பெடல் இருக்கிறது என்றார். அவரும் அதை ஒரே ஒரு தடவை, தூரத்தில் இருந்து பார்த்தவர்தான். அது போதும் எனக்கு. தொண்ணூற்றொன்றில் ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்து அந்த ஸ்டீல் கிட்டாரை நானே செய்தேன்.

பழைய கதவு நிலையில் இருந்து தேக்குப் பலகை. பத்துத் தந்தி. ஒவ்வொரு தந்தியின் கடைசியிலும் ஒரு சின்ன நெம்புகோல். அதிலிருந்து பலகைக்கு அடியில் ஓடுகிற ராடு. ராடின் மறுமுனையில் பெடல். பெடலை மிதித்தால் ராடு இழுக்கும், தந்தி இறுகும், சுருதி ஏறும். காலை எடுத்தால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். ராடுக்குச் சைக்கிள் ஸ்போக்கைத்தான் போட்டேன், இரண்டை நீளவாக்கில் பற்றவைத்து. நுனியில் மரை இருப்பதால், எவ்வளவு ஏற வேண்டும் என்பதைத் திருகியே சரிபண்ணலாம். முதலில் மிதிக்காமல் சுருதி சேர்க்க வேண்டும், பிறகு மிதித்துக்கொண்டு சேர்க்க வேண்டும். அரைச் சுற்று அதிகமானால் பாட்டு கோணிக்கொள்ளும். பெடல் மூன்று. ஒன்று ப-வை த-வுக்கு ஏற்றும். இன்னொன்று க-வை ம-வுக்கு ஏற்றும். மூன்றாவது, ச-வை ரி-க்குக் கொண்டுபோகும், கூடவே ஒரு ப-வையும் த-வுக்கு இழுத்துக்கொண்டு போகும். ப பெடல், க பெடல், ச பெடல் என்று நாமே பெயர் வைத்துக்கொண்டோம். ச க ப என்று மீட்டிவிட்டு ப பெடலையும் க பெடலையும் சேர்த்து மிதித்தால் ச ம த ஆகிவிடும். பிறகு ப பெடலை மட்டும் மெல்ல விட வேண்டும், ம இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்து அதையும் விட வேண்டும். கண்ட்ரி பாட்டுக்காரர்களுடைய பாதி அழுகை இந்த இரண்டு காலசைவில்தான் இருக்கிறது.

மூன்றில் எது எங்கே என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். உலகத்தில் பெரும்பாலானவர்கள் இடமிருந்து வலமாக ப, க, ச என்று வைக்கிறார்கள். நான் தலைகீழாக ச, க, ப என்று வைத்தேன். அதற்குச் சங்கீதக் காரணம் எதுவும் இல்லை. உனக்கு மூன்று வயதிருக்கும்போது லேத்தில் இருந்து சக் என்கிற கனத்த இரும்புப் பிடியைக் கழற்றுகையில், உதவிக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லாமல் பெடலை மிதிக்கிற இந்த இடது கால் மேல் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தக் கணுக்கால் உள்பக்கம் சாயும், வெளிப்பக்கம் சாயாது. அதிகமாக மிதித்து மிதித்து விட வேண்டியது ப பெடல்தான் என்பதால் அது என் கால் சாய்கிற பக்கத்தில் இருக்கட்டும் என்று வலது ஓரத்தில் வைத்தேன். அவ்வளவுதான். ஆனால் டெரிக்கிடமும் குழு ஆட்களிடமும் வேறு கதை சொன்னேன். கேசட்டைக் கேட்டுக் கேட்டே பெடல் வரிசையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். காதால் கேட்டு வரிசையைக் கண்டுபிடிக்கவே முடியாது, தம்பி. காதுக்கு ஸ்வரம் தெரியும், எந்தக் கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்பது தெரியாது. யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள், நானும் என் பொய்யை நானே நம்பிவிட்டேன்.

நீ பி.யூ.சி. படிக்கும்போது அதில் உட்கார்ந்தாய். நான் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான், மிச்சத்தை நீயே பிடித்துக்கொண்டாய். நான் நினைத்துப் பார்த்து மிதிப்பேன். நீ யோசிக்கவே மாட்டாய், கால் தானாகப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டெரிக் வந்திருந்தபோது பழைய மெதுவான பாட்டு ஒன்றின் ஆரம்பத்தை நீ வாசித்தாய். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, இனிமேல் நீ உன் லேத்தைப் பார் என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. பெற்ற பிள்ளை தன்னைத் தாண்டுவதைப் பார்த்து அப்பன் பூரித்துப்போவான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பூரிப்பும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொறாமையும் இருந்தது. உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னைவிட நன்றாக ஒன்றைச் செய்யும் நாளில், உனக்கும் இப்படி இருந்தால் பயப்படாதே. இருக்கிறது என்று உனக்குள்ளாவது ஒத்துக்கொள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்து டெரிக்கின் தங்கை ஆஸ்திரேலியாவில் இருந்து எனக்காக ஜெராக்ஸ் தாள்கள் அனுப்பினாள். டெரிக் பிரித்துப் பார்த்துவிட்டு, இதெல்லாம் உனக்குத்தான் புரியும் என்று என் கையில் கொடுத்துவிட்டார். எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு ஏற்றும் என்று கட்டம் போட்டுக் காட்டியிருந்தது. என் காது ஸ்வரங்களைச் சரியாகத்தான் பிடித்திருந்தது. வரிசைதான் தலைகீழ். அப்படித் தலைகீழாக வைப்பவர்களும் சிலர் உண்டு, அதில் தப்பில்லை, ஆனால் இன்னொருவருடைய வாத்தியத்தில் உட்காருமுன் எந்த வரிசை என்று கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும், மாற்றுவது ஒரு மணி நேர வேலை என்றும் போட்டிருந்தது. படித்துவிட்டுத் தாள்களை மடித்து டிரில் பிட் டப்பாவுக்குள் வைத்து மூடினேன். உன் அம்மா என்ன காகிதம் அது என்று கேட்டாள். கம்பெனி சர்க்குலர் என்றேன். அதே வாரம் நீயும் கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

"எல்லாரும் இதே வரிசையிலதான் வெச்சிருப்பாங்களாப்பா?"

"உலகம் பூரா இதேதான். வேற மாதிரி வெச்சா சங்கீதமே வராது."

அப்போது உனக்குக் கால் பழகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாற்றியிருந்தால் இரண்டு மாதத்தில் புது வரிசைக்குப் பழகியிருப்பாய். மாற்றக்கூட வேண்டாம், சொல்லியிருந்தாலே போதும். சொன்னால், காதால் கண்டுபிடித்தேன் என்ற என் பெருமை போய்விடும். மாற்றினால், என் கணுக்கால் அந்த வாத்தியத்தில் இனி உட்கார முடியாது, அது உன்னுடையதாகிவிடும். காலுக்குத்தான் செருப்பு என்பார்கள். நான் என் காலுக்குச் செருப்புத் தைத்து உன்னைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னேன், எல்லார் காலும் இந்த அளவுதான் என்றும் சொல்லி வைத்தேன்.

பிறகு அந்த ஹோட்டல். வெளிநாட்டில் இருந்து வந்த கண்ட்ரி குழு, அவர்களுடைய ஸ்டீல் வாசிப்பவருக்கு வயிறு கெட்டு அறையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. டெரிக் உன் பெயரைச் சொன்னார். சனிக்கிழமை இங்கே, அப்புறம் மெட்ராஸ், கோவா, சிங்கப்பூர் என்று இரண்டு மாதம். உனக்கு இருபது வயது. ஒத்திகை வரைக்கும் இருந்த நான்கு நாளும் நீ சரியாகச் சாப்பிடவில்லை. ஒத்திகைக்கு நம் வாத்தியத்தைத்தான் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். குழு ஆட்களும் ஹோட்டல் ஆட்களுமாக நாற்பது பேர் இருந்த ஹாலில் பிளக்கைச் சொருகியதும் அந்த விளக்குகளுக்கு தந்திச் சத்தத்தைப் பிடிக்கிற நம் பிக்கப் இரைய ஆரம்பித்தது. குழுத் தலைவர் நல்ல மனிதர், பரவாயில்லை, எங்களுடையது தயாராக இருக்கிறதே, அதில் உட்காரட்டும் என்றார். பத்துத் தந்தி, மூன்று பெடல், வெளியிலிருந்து பார்த்தால் நம்முடையது மாதிரியே இருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அதன் வரிசை ப, க, ச என்று எனக்கு அப்போதே தெரியும்.

மூன்றாவது வரிசை நாற்காலியில் இருந்தேன். எழுந்து நான்கு எட்டு வைத்து, இவன் பழகியது தலைகீழ் வரிசை, ஒரு மணி நேரம் கொடுங்கள், நானே ராடை மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் கைப்பையில் ஸ்பேனர்கூட இருந்தது. குழுத் தலைவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அவர்களுக்கு இது சகஜம். ஆனால் அதைச் சொன்னால் நீ கேட்பாய், டெரிக் கேட்பார், இது எப்போதிலிருந்து தெரியும் என்று. நான் உட்கார்ந்தபடி இருந்தேன். நீ மீட்டினாய், உனக்குப் பழகிய வலப்பக்க இரண்டு பெடலை மிதித்தாய். ச ம த வர வேண்டிய இடத்தில் ரி ம த வந்தது. மகிழ்ச்சியாக விரிய வேண்டிய பாட்டு இழவு வீட்டுக்குள் நுழைந்தது. டிரம்ஸ்காரர் நிறுத்திவிட்டார். மறுபடி ஆரம்பித்தாய், மறுபடி அதே. மூன்றாம் தடவை நீ குனிந்து உன் காலையே பார்த்துக்கொண்டு மிதித்தாய், வேகம் போய்விட்டது. மேஜை போட்டுக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் சிரித்தான், அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். குழுத் தலைவர் உன் தோளைத் தட்டி, படபடப்பு, போகப் போகச் சரியாகும் என்றார். அந்த நிகழ்ச்சியில் ஸ்டீல் இல்லாமலே வாசித்துவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

வேனில் திரும்பி வரும்போது டிரினிட்டி சர்க்கிள் தாண்டியதும் எனக்கு வராதுப்பா என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். பெரிய இடத்தில் முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்று உபதேசம் செய்தேன். குற்றவாளியே ஆறுதல் சொன்னால் அது எவ்வளவு சாமர்த்தியமாக வரும் தெரியுமா? நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அடுத்த மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தாய். அப்புறம் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பக்கத்திலேயே நண்பர்களோடு ரூம், ஞாயிறு மட்டும் வீடு. வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தாய். அதிலும் எனக்குப் பெருமைதான். ஆனால் டெரிக் இறந்தபோது சர்ச்சில் யாராவது ஏதாவது வாசியுங்கள் என்று கேட்டார்கள், நீ தலையைக் குனிந்துகொண்டு பின்வரிசைக்குப் போய் நின்றாய்.

இங்கே முடிந்திருந்தால்கூட ஒரு தப்போடு போயிருக்கும். வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டில் உட்கார்ந்த வருஷம், செய்ததைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று இன்னொன்றைச் செய்தேன். டப்பாவில் இருந்து அந்தத் தாள்களை எடுத்து, வாத்தியத்தைக் கவிழ்த்துப் போட்டு, எல்லா ராடையும் கழற்றி, ப க ச என்று ஊருக்கெல்லாம் இருக்கிற வரிசைக்கு மாற்றினேன். டார்ச் பிடித்தவள் உன் அம்மா. ஏன் மாற்றுகிறேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாற்றி முடித்த பிறகு என்னால் அதில் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை, கணுக்கால் அந்தப் பக்கம் போகாது. இது எனக்குத் தண்டனை என்று சொல்லிக்கொண்டேன். தண்டனையை நானே கொடுத்துக்கொண்டுவிட்டால் உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு குறுக்குப் புத்தி. இருந்தாலும் சொல்லிவிடுவது என்றுதான் தீர்மானித்திருந்தேன், பூஜை லீவுக்கு நீ வரும்போது.

சரஸ்வதி பூஜைக்கு வாத்தியத்தையும் என் ஸ்பேனர்களையும் சேர்த்து வைத்து, பெடல் மூன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, உன் அம்மா படைத்தாள். பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது; மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும். காலையில் நான் பால் வாங்கப் போயிருந்தேன். டிபன் ஆனதும் பேசலாம் என்று நடந்து வருகையில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்டைத் திறக்கும்போது சத்தம் கேட்டது. சாஸ்திரத்துக்கு ஒரு வரி வாசி என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள், உட்கார்ந்துவிட்டாய். ச க ப என்று மீட்டினாய். மிதித்தாய். ரி ம த. அந்த ஹோட்டலில் வந்த அதே தப்பு, நம் வீட்டில், நம் வாத்தியத்தில். நீ நிறுத்திவிட்டாய். நான் பால் பாக்கெட்டோடு வாசலில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தாய்.

"கால் மறந்துடுச்சுப்பா."

நான் என்ன சொன்னேன்? வேலைக்குப் போகிற பிள்ளை, டச் விட்டுப்போகும் இல்லையா என்றேன். நீ எழுந்து போர்வையைப் போட்டு மூடினாய். அதற்குப் பிறகு நீ அதைத் திறக்கவே இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்வார்கள். நீ ஒரு நாளும் கூடத்தைக் குறை சொல்லவில்லை, இரண்டு தடவையும் உன் காலைத்தான் குறை சொன்னாய். உன் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல், தம்பி. இரண்டு தடவையும் கோணலாக்கியவன் நான். ஹோட்டலில் உன் கால் சரியாகத்தான் போயிற்று. ஐந்து வருஷம் தொடாமல் இருந்துவிட்டு விஜயதசமி அன்று உட்கார்ந்தபோதும் ஒரு நூல் பிசகாமல் தன் இடத்துக்குத்தான் போயிற்று. அங்கே இருக்க வேண்டியதை எடுத்து வேறு இடத்தில் வைத்தவன் பக்கத்திலேயே நின்று, மறந்துவிட்டாய் என்று ஆமோதித்தான். நீ எதையும் மறக்கவில்லை. உனக்கு வரும். அது எப்போதும் வந்தது.

போன வாரம் நீ யாருக்காவது கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிய பிறகு, உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். டார்ச் பிடித்தவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. இத்தனை நாள் நானே சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

"அன்னிக்கும் வாயத் தொறக்காம சும்னே இருந்தீங்க, இன்னிக்கும் சும்னே இருக்கீங்க. அவன் பிளைட் ஏறதுக்குள்ள நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

கல்யாணம் ஆகி, பெண்டாட்டியோடு முன்பின் தெரியாத ஊருக்குப் போகிறாய். புறப்படும் பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது முறை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதுவும் நான் செய்யாதது. தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடு, அன்றைக்கு அது கடுகளவுதான் இருக்கும். அவளிடமும் சொல், ஆபீஸிலும் சொல். உன்னிடம் ஒருவன் எனக்கு வராது என்று வந்து நின்றால், அவன் காலைக் குறை சொல்வதற்கு முன்னால் அவனுக்கு நீ கொடுத்ததைக் கவிழ்த்துப் பார்.

நேற்று வாத்தியத்தைக் கவிழ்த்து ராடு அத்தனையும் கழற்றிவிட்டேன். பழைய வரிசைக்கே திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் ஸ்பேனரை எடுத்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. இதையும் உன்னைக் கேட்காமல்தானே செய்கிறேன் என்று தோன்றியது. இப்போது எந்தப் பெடலை மிதித்தாலும் எந்தத் தந்தியும் அசையாது. ஒன்பதாம் தேதிக்குள் ஒரு ஞாயிறு இருக்கிறது. உனக்கு மனசு வந்தால் வா. என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம், ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வெறும் பெடலை மிதி. நான் கீழே தரையில் படுத்து, உன் கால் எங்கே போகிறது என்று பார்த்து, ஒவ்வொரு ராடாக அங்கே மாட்டுகிறேன். நீ வராவிட்டால் அது அப்படியே கிடக்கட்டும். இனி நானாக அதற்கு ஒரு வரிசை வைக்க மாட்டேன்.